யாருடைய ரத்தம்?

கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச்.

ஏதோ வடநாட்டு ரயில்வே பிளாட்பாரத்தில் யாரோ மூட்டைகளை எண்ணுகிற மாதிரி இருக்கிறதா? இல்லை. இப்படி ஒன்று, இரண்டு சொல்கிறவர்கள் இருப்பது ஹங்கேரியில், ருமேனியாவில், பல்கேரியாவில், ஸ்லோவாகியாவில். தண்ணீரை அவர்கள் 'பானி' என்கிறார்கள். காது, 'கான்'. மனிதன், 'மனுஷ்'. ரத்தத்துக்கு என்ன சொல்வார்கள் தெரியுமா? 'ரத்'!

இன்னொரு விசேஷம். அவர்களுடைய பல வட்டார வழக்குகளில் ராத்திரிக்கும் அதே 'ரத்'தான். சமஸ்கிருதத்தின் 'ரக்த'மும் 'ராத்ரி'யும் பல நூறு வருஷம் நடந்து, நடந்து, தேய்ந்து, ஐரோப்பா போய்ச் சேர்வதற்குள் ஒரே சொல்லாகிவிட்டன. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பார்க்கப்போகிற கதையே ரத்தமும் ராத்திரியும்தான்.

இவர்களுக்கு உலகம் வைத்த பெயர் ஜிப்ஸி. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று யாரோ தப்பாக நினைத்துக்கொண்டு, 'ஈஜிப்ஷியன்' என்பதைச் சுருக்கிக் கூப்பிட்ட பெயர் அது. அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர், ரோமா. ரோம் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இன்றைக்கு ஐரோப்பாவில் சுமார் 1 கோடியிலிருந்து 1.2 கோடி ரோமா மக்கள் இருக்கிறார்கள். குதிரை வண்டி, கூடாரம், கையில் வயலின் என்று சினிமா காட்டுவதை நம்பாதீர்கள். பெரும்பாலோர் பல தலைமுறைகளாக ஒரே ஊரில் வீடு கட்டி வாழ்கிறவர்கள்.

சரி, இவர்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது எப்படித் தெரிந்தது?

முதலில் காட்டிக்கொடுத்தது மொழிதான். ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் ரூடிகர் என்றொரு மொழி ஆராய்ச்சியாளர். பார்பரா மகேலின் என்ற ரோமா பெண்மணியிடம் சில வாக்கியங்களைச் சொல்லி, "உங்க பாஷையில இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு ஹிந்துஸ்தானி இலக்கணப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பளிச்சென்று ஒத்துப்போனது. 1782-ல் அதை வெளியிட்டார்.

பாஷைக்குள்ளேயே அவர்கள் வந்த வழியும் இருந்தது. எண்ணிக்கையில் ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் கிரேக்கச் சொற்கள். பாதைக்கு அவர்கள் சொல்லும் 'த்ரோம்' கிரேக்கம். குதிரைக்குச் சொல்லும் 'க்ராஸ்த்' அர்மீனியம். எந்த ஊரில் எதை வாங்கினார்கள் என்று ஒரு பிரயாணியின் மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி, மொழி அறிஞர்கள் பிரித்துப் பார்த்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பார்பரா மகேலின் வாயைத் திறந்து சொன்னதால்தான் உண்மை வெளியே வந்தது. ரத்தத்துக்கு வாய் கிடையாது. எடுத்துக்கொண்டு போகிறவர் சொல்வதுதான் அதன் பேச்சு!

*

முதல் உலகப் போர் நேரம். கிரீஸில் சலோனிகா போர்முனை. பிரிட்டிஷ், பிரெஞ்சு, செர்பிய வீரர்களோடு, ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களும் அங்கே இருந்தார்கள். போலந்து நாட்டு டாக்டர் தம்பதி லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்ட், ஹான்கா ஹிர்ஸ்ஃபெல்ட் இருவருக்கும் ஒரு யோசனை வந்தது. இவ்வளவு தேசத்து ஆட்கள் ஒரே இடத்தில் வேறு எப்போது கிடைப்பார்கள்? எல்லாருடைய ரத்தத்தையும் எடுத்து 'ஏ', 'பி', 'ஓ' குரூப் பார்த்துவிட்டால் என்ன? பார்த்தார்கள். 1919-ல் 'லான்செட்' பத்திரிகையில் முடிவு வெளியானது. இந்தியச் சிப்பாய்களில் 'பி' குரூப், நூற்றுக்குச் சுமார் 41 பேர்!

இரண்டே வருஷம். ஹங்கேரியில் டெப்ரெட்சன் நகரத்தில் வெர்சார், வெசெட்ஸ்கி என்ற இரண்டு பேர் அதே சோதனையை உள்ளூர் ரோமாவிடம் செய்தார்கள். 'பி' குரூப், நூற்றுக்குச் சுமார் 39. அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஜெர்மானியர்களிடம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். நூற்றாண்டுக் கணக்கில் ஒரே மண்ணில் வாழ்ந்தும் ரோமாவின் ரத்தம் கங்கை, சிந்துப் பக்கமே கைகாட்டியது.

அருமையான விஞ்ஞானம்தான். ஆனால், அந்தச் சோதனைக்குழாய் அடுத்து யார் கைக்குப் போனது என்பதுதான் வயிற்றைக் கலக்கும் சமாசாரம்.

1936. ஹிட்லரின் பெர்லின். அரசாங்கத்தின் சுகாதாரத் துறைக்குள் 'இனத் தூய்மை' ஆராய்ச்சிக்கென்று ஒரு பிரிவு. தலைவர் ராபர்ட் ரிட்டர், மனநல மருத்துவர். உதவிக்கு ஏவா ஜஸ்டின் என்ற நர்ஸ். ரோமானி மொழியை அழகாகப் பேசுவார். ஜெர்மனியில் சிந்தி என்று அழைக்கப்படும் ரோமாக் குடும்பங்கள் அவரை நம்பி வீட்டுக்குள் விட்டன. தாத்தா பெயர் என்ன, பாட்டி எந்த ஊர் என்று விசாரித்து எழுதிக்கொண்டார்கள். கண்ணின் நிறத்தைப் பார்த்தார்கள். தலையை அளந்தார்கள். கைரேகை எடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள்.

எதற்கு? ஒவ்வொருவரும் 'முழு ஜிப்ஸி'யா, 'கலப்பு ஜிப்ஸி'யா என்று சான்றிதழ் எழுத! கிட்டத்தட்ட 24,000 சான்றிதழ்கள் எழுதித் தள்ளினார்கள். பெயருக்குத்தான் அது மருத்துவ அறிக்கை. நடைமுறையில், மரண தண்டனைப் பட்டியல்.

1942 டிசம்பரில் ஹிம்லரின் உத்தரவு வந்தது. சுமார் 23,000 ரோமா, சிந்தி மக்கள் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அவர்களுக்கென்று தனிப் பகுதி. அந்தப் பகுதியின் டாக்டர் யார் தெரியுமா? ஜோசப் மெங்கலே. செத்துப்போனவர்களின் கண்களைப் பிடுங்கி பெர்லின் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பார்சல் அனுப்பிய அதே மெங்கலே!

ஏவா ஜஸ்டின் அப்போது டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். தெற்கு ஜெர்மனியில் முல்ஃபிங்கன் என்ற ஊரில் ஒரு கத்தோலிக்கக் குழந்தைகள் இல்லம். பெற்றோரை முகாமுக்கு அனுப்பிவிட்டு, சிந்திக் குழந்தைகளை அங்கே வைத்திருந்தார்கள். ஜஸ்டின் அவர்களை வைத்துத் தன் ஆய்வேட்டை எழுதினார். அந்தக் குழந்தைகள் உயிரோடு விடப்பட்டதே அந்த ஆய்வுக்காகத்தான். ஆய்வு முடிந்தது. பட்டம் கிடைத்தது. 1944 மே 9-ம் தேதி 39 குழந்தைகளை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். பிழைத்தவர்கள் 4 பேர்.

1944 ஆகஸ்ட் 2. அன்று ராத்திரி அந்தத் தனிப் பகுதியையே 'காலி' செய்தார்கள். சுமார் 4,300 பேர். பெரும்பாலும் கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். விஷவாயு. விடிந்தபோது ஒருவருமில்லை. போர் முடிவதற்குள் ஐரோப்பா முழுக்கக் கொல்லப்பட்ட ரோமா மக்கள் குறைந்தபட்சம் 2 லட்சம் என்றும், 5 லட்சம் வரைகூட இருக்கலாம் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

(சலோனிகாவில் ரத்த குரூப் பார்த்த ஹிர்ஸ்ஃபெல்டுக்கு என்னாச்சு என்று கேட்கிறீர்களா? அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1941-ல் அவரையும் வார்சா கெட்டோவுக்குள் அடைத்தார்கள். தப்பிப் பிழைத்தார்.)

ரிட்டருக்கும் ஜஸ்டினுக்கும் தூக்குத்தண்டனையா? நீங்கள் வேறு! போர் முடிந்ததும் இரண்டு பேருக்கும் ஃப்ராங்க்ஃபர்ட் நகரசபையில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஒருநாள்கூடச் சிறைக்குப் போகவில்லை. அவர்கள் சேகரித்த கைரேகைகளும் அளவுகளும் ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தன. அதை வைத்துப் போருக்குப் பிறகும் ஆராய்ச்சி நடந்தது! 1981 செப்டம்பர் 1-ம் தேதி சிந்தி, ரோமா மக்கள் அந்தப் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டார்கள். ''எங்கள் பாட்டன், பூட்டன் தலையை அளந்த காகிதம் இங்கே எதற்கு?'' என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. அதற்குப் பிறகே அந்தக் கோப்புகள் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. நடந்தது இனப்படுகொலைதான் என்று மேற்கு ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது, அதற்கு அடுத்த வருஷம், 1982-ல்.

*

இப்போது சொல்லுங்கள். இப்படியொரு அனுபவத்துக்குப் பிறகு, வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்து, ''கொஞ்சம் ரத்தம் கொடுங்கள், ஜீன் ஆராய்ச்சிக்கு'' என்று கேட்டால் நீங்கள் கையை நீட்டுவீர்களா?

ஆனால், நீட்டவேண்டிய காரணமும் இருக்கிறது. அதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

ஒரு பெரிய அண்டாவில் மிக்ஸர் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி அள்ளுகிறீர்கள். அண்டாவில் எப்போதோ ஒன்று தட்டுப்படுகிற முந்திரி உங்கள் கையில் மூன்று வந்துவிடலாம். காராபூந்தி ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அந்தக் கைப்பிடியிலிருந்தே ஒரு புது அண்டா வளர்ந்தால்? மூன்று முந்திரிக்கும் வாரிசுகள் பெருகி, புது அண்டா முழுக்க முந்திரியாகிவிடும்!

ரோமாவுக்கு நடந்தது இதுதான். 2012-ல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, ஐரோப்பாவின் 13 ரோமாக் குழுக்களை ஒப்பிட்டது. சுமார் 1,500 வருஷங்களுக்கு முன்பு வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பிய ஒரே கூட்டத்தின் வாரிசுகள்தான் இவர்கள் எல்லாரும் என்றது. சுமார் 900 வருஷங்களுக்கு முன்பு பால்கன் பகுதிக்கு வந்து, அங்கிருந்து சிதறினார்கள். ஒவ்வொரு சிதறலும் ஒரு கைப்பிடி. ருமேனியப் பகுதியில் 1856 வரை அவர்களை அடிமைகளாக விற்றார்கள், வாங்கினார்கள். வெளியே யாரும் பெண் கொடுக்கவில்லை, எடுக்கவில்லை. அதனால், அந்தந்தக் கைப்பிடிக்குள் இருந்த அபூர்வ ஜீன்கள் அங்கங்கே பெருகிவிட்டன.

பல்கேரியாவில் பிறந்த விஞ்ஞானி லூபா கலாய்ஜீவாவும் அவருடைய சகாக்களும் 1990-களிலிருந்து இதைத் துருவினார்கள். டான்யூப் நதிக்கரையில் லோம் என்ற ஊர். அங்கே ரோமாக் குழந்தைகளுக்கு நடை தள்ளாடி, கை கால் நரம்பு மெள்ள மெள்ளச் செயலிழக்கும் ஒரு நோய். அந்த ஊர்ப் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். இன்னொரு நோயில் தசைகள் சோர்ந்து கண் இமை தொங்கிவிடும். அதற்குக் காரணமான அதே ஜீன் பிழை இந்தியா, பாகிஸ்தான் குடும்பங்களிலும் கிடைத்தது. பானி, மனுஷ் மாதிரி அதுவும் ஊரிலிருந்து எடுத்துப்போன மூட்டைதான்!

மருந்து விஷயத்துக்கு வருவோம்.

நாம் முழுங்கும் மாத்திரையில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் பதம் பார்க்கிறது. அதன் சமையல்கட்டில் என்ஸைம் என்கிற சமையல்காரர்கள் ஏகப்பட்ட பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். அதில் 2சி19 என்று ஒருவர். ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது உள்ளே போகும்போது வெறும் பச்சை அரிசி. 2சி19 அதைச் சமைத்துக் கொடுத்தால்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும். இந்தச் சமையல்காரர் பிறவியிலேயே வேலை செய்யாதவராக இருந்தால்? மாத்திரை மாத்திரையாகவே கிடக்கும். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். 2010-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரை அட்டையில் கறுப்புக் கட்டம் போட்டு இதை எச்சரித்தது.

அந்தச் 'சோம்பேறி' ஜீன் ஐரோப்பியர்களிடம் சுமார் 15 சதவிகிதம். தெற்காசியாவில் மூன்றில் ஒரு பங்கு. 2003-ல் புதுச்சேரி ஜிப்மர் டாக்டர்கள் தமிழர்களிடம் பார்த்தபோது சுமார் 38 சதவிகிதம்! ஹங்கேரியின் பெச் பல்கலைக்கழகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டு ரோமாவிடம் இந்த ஜீன், மற்ற ஹங்கேரியர்களைவிட அதிகம் என்று தெரிந்தது. பெச் நகரத்து ரோமா தாத்தாவின் கல்லீரலுக்கும் பெரம்பூர் தாத்தாவின் கல்லீரலுக்கும் இப்படியொரு தூரத்துச் சொந்தம்!

இன்னொரு சமையல்காரர், 2சி9. இவருடைய வேலை வார்ஃபரின் என்ற மருந்தை உடைத்து வெளியேற்றுவது. எலி பாஷாணமாக அறிமுகமாகி, பிறகு மனிதர்களின் ரத்த உறைவைத் தடுக்க வந்த மருந்து அது. டோஸ் கொஞ்சம் குறைந்தால் ரத்தம் கட்டும். கொஞ்சம் கூடினால் உள்ளுக்குள்ளேயே கசியும். இதை மெதுவாக உடைக்கிற ஒரு வகை ஜீன், பெச் குழுவின் கணக்குப்படி, ரோமாவிடம் ஹங்கேரியர்களைப் போல் சுமார் இரண்டு மடங்கு. பெரும்பான்மை மக்களை மனதில் வைத்து எழுதின டோஸ் அப்படிப்பட்ட ஒருவருக்கு அதிகமாகிவிடலாம்.

மயக்க மருந்தும் உண்டு. சில ரோமாக் குழுக்களில் மட்டும் வரும் ஒரு பிறவி நோயில் குழந்தை கண்புரையோடு பிறக்கும். உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஆனால், இந்த நோய் உள்ள குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்தால் சிலசமயம் உயிருக்கே ஆபத்தாகும் சிக்கல்கள் வருகின்றன. 2003-ல் அதற்கான ஜீனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் உஷாராக இருக்கலாம்.

அப்படியானால், ரோமா என்று தெரிந்ததுமே மருந்தை மாற்றிவிடலாமா?

கூடாது! அங்கேதான் ரிட்டர் மறுபடி உள்ளே வந்துவிடுவார். குரோஷியாவில் பயாஷ் என்ற ரோமாப் பிரிவு இருக்கிறது. அதற்குள்ளேயே வேறு வேறு வட்டாரத்துக் குழுக்களுக்கு இடையில், மருந்தைக் கையாளும் ஜீன்களின் விகிதம் மாறுகிறது என்று ஸாக்ரெப் ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஹங்கேரி ரோமாவின் கணக்கு ஸ்பெயின் ரோமாவுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஒரே வீட்டு அண்ணனுக்கும் தம்பிக்குமே வேறுபடலாம். சராசரி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. மாத்திரையை முழுங்குவது கூட்டமல்ல, ஓர் ஆள். முகத்தையும் சாதியையும் பார்த்து முடிவு கட்டுவது ரிட்டரின் வேலை. எதிரே உட்கார்ந்திருக்கிற அந்த ஒருவரின் ஜீனைச் சோதித்து டோஸ் எழுதுவதுதான் வைத்தியம். அந்தக் கூட்டத்துக் கணக்கு எதற்கு உதவும் என்றால், இவருக்கும் சோதனை தேவை என்று டாக்டருக்கு ஞாபகப்படுத்த உதவும்.

அந்தச் சோதனைக்கு முன்னால் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. ''எடுத்துக்கொள்ளலாமா?''

அதைத்தான் பல பேர் கேட்கவில்லை. 2021-ல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் சேர்ந்து 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ரோமா மக்களின் டி.என்.ஏ-வைப் பயன்படுத்திய 450-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை உட்கார்ந்து அலசியிருந்தார்கள். முறையான சம்மதம் பெற்றதற்கு அடையாளமே இல்லாதவை, ஒரு காரியத்துக்கு வாங்கிய ரத்தத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தியவை... எல்லாம் வெளியே வந்தன. குற்றப் புலனாய்வுக்குப் பயன்படும் ஒரு சர்வதேச டி.என்.ஏ. தொகுப்பில், பல்கேரியாவின் பெயரில் இருந்த மாதிரிகளில் பாதிக்குமேல் ரோமாவுடையவை. அந்த நாட்டு ஜனத்தொகையில் அவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான்!

அதே 2021-ல்தான் செக் குடியரசு ஒரு சட்டம் போட்டது. 1966-லிருந்து 2012 வரை முறையான சம்மதமின்றிக் கருத்தடை ஆபரேஷன் செய்யப்பட்ட பெண்களுக்குத் தலா 3 லட்சம் கொருனா நஷ்டஈடு. அப்படி ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரோமாப் பெண்கள். பிரசவத்துக்குப் போன இடத்தில் அந்த கதி என்றால், அவர்கள் பேத்தி ஆஸ்பத்திரி வாசலில் தயங்கி நிற்பதில் என்ன ஆச்சரியம்? அந்தத் தயக்கத்துக்கு மருந்து எந்த லேபிலும் கிடையாது.

ரோமாவுக்கு அந்த ஜீன் பரிசோதனை தேவை. ஊசி போடும் கையை நம்பவும் முடியவில்லை. 1782-ல் ரூடிகர் செய்தது பெரிய வித்தையொன்றும் இல்லை. எதிரே உட்கார்ந்து, கேட்டார். பார்பரா மகேலின் சொன்னார். சொன்னவரின் பெயரும் வரலாற்றில் நின்றது. முல்ஃபிங்கனில் யாரும் அந்தக் குழந்தைகளைக் கேட்கவில்லை.

இனிமேல் ரோமா வீட்டுக் கதவைத் தட்டுகிற டாக்டர், ஊசியை எடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் சொன்னால் போதும். எதற்காக எடுக்கிறேன், யாரிடம் இருக்கும், உங்களுக்கு என்ன பிரயோஜனம். அதற்குப் பிறகு கையை நீட்டுவதா, மடக்கிக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். 'ரத்' அவருடையது.